செத்த கோழியும் கிணற்றடியும்

தைப்பொங்கல் கழிந்து இரண்டாவது கிழமை, விடியற்காலையில் கூட்டைத் திறந்த அம்மா வழக்கம்போலக் கோழிகளைக் கூப்பிடவில்லை. கையை உள்ளே விட்டு இரண்டு பேடுகளைக் காலில் பிடித்து வெளியே எடுத்து வேலியோரம் வைத்துவிட்டு, மூன்றாவதைப் பார்த்தபடி நின்றார். அது உயிரோடுதான் இருந்தது. ஆனால் கழுத்தைத் தூக்க இயலாமல் அலகை மண்ணில் ஊன்றி, ஒரு செட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. பின்பக்கத்து இறகுகளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது. நான் பல் தீட்டி முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அடுப்பில் பெரிய பானை ஏறிவிட்டது. இறகு கழற்றக் கொதிநீர். பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கெதியா அறுங்கோ அக்கா, செத்தால் ஒண்டுக்கும் உதவாது" என்று அவசரப்படுத்தினார்.

சாக முதல் அறுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். ஊர்க்கோழி ஒன்று வளர்ந்து கறிக்கு வருவதற்கு எத்தனை மாதம் செல்லும் என்பதும், இன்று அதன் விலை என்ன என்பதும் தெரிந்த எவரும் அந்த வழக்கத்தைப் பழிக்கமாட்டார்கள். நானும் பழிக்கவில்லை. ஆனால் அன்று அம்மாவின் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தேன். "அது கோழிக்கு வாற வருத்தம் தம்பி, மனுசருக்கு ஒட்டாது" என்றார் அம்மா. பத்து நிமிடத்துக்கு மேல் வாக்குவாதம் நடந்தது. கொதித்த தண்ணீர் கடைசியில் என் குளிப்புக்குப் போயிற்று.

அம்மா சொன்னதில் பெரும்பங்கு உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வளவுகளில் கோழிகள் கூட்டமாகச் செத்தால் அது பெரும்பாலும் இராணிக்கெட் நோயாகத்தான் இருக்கும். இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றின் பெயரில் நாம் அழைக்கும் இந்த நோயை ஆங்கிலேயர் தம் நாட்டு நகரமான நியூகாசிலின் பெயரில் அழைக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். மனிதருக்கு அது கண் சிவந்து ஓரிரு நாள் உறுத்துவதற்கு மேல் பெரிதாக எதையும் செய்வதில்லை. மத்தியானம் வந்த மிருக வைத்தியரும் இராணிக்கெட்டாக இருக்கலாம் என்றே சொன்னார். ஆனால் அவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டுதான் கோழியைத் தொட்டார். அம்மா அதைக் கவனித்துவிட்டுக் காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது: இராணிக்கெட்டில் சாகும் கோழியையும் பறவைக் காய்ச்சலில் சாகும் கோழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த இயலாதாம். திடீர்ச் சாவு, தொங்கும் கழுத்து, பச்சைக் கழிச்சல், நீலம் பாரித்த கொண்டை எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆய்வுகூடம் சொன்னால்தான் உண்டு. மாதிரி எடுத்துக்கொண்டு போனார். இராணிக்கெட் என்றே முடிவும் வந்தது. அந்த முடிவு வருவதற்கு இடைப்பட்ட நாட்களில் நான் வாசித்தவற்றையும் யோசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்புளுவன்சா ஏ வகை வைரசுகளுக்குப் பிறந்த வீடு நீர்ப்பறவைகளின் குடல். அந்த வைரசின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களின் முதலெழுத்துகளைக் கொண்டுதான் எச்5என்1, எச்7என்9 என்று பெயர் வைக்கிறார்கள்; எச் வகைகளில் 1 முதல் 16 வரை அத்தனையும் நீர்ப்பறவைகளிடம் உண்டு. வாத்துகள் பல வேளைகளில் நோய் எதையும் காட்டாமலே அதைச் சுமந்து, எச்சத்தோடு தண்ணீரில் விடுகின்றன. குளிர்ந்த நீரில் அது நெடுநாள் உயிர்ப்போடு கிடக்கும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை எங்கள் களப்புகளில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துக்களையும் பூநாரைகளையும் பார்க்க நான் சுண்டிக்குளத்துக்கும் சரசாலைக் குருவிக்காட்டுக்கும் போய்வருகிறவன். வடக்கேயிருந்து இந்தியா வழியாக இலங்கை வரை வரும் வான்வழி அவற்றுடையது. அவற்றின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை, வரவும் கூடாது. ஏனென்றால் கோழியைக் கொல்லும் கொடிய வடிவம் பெரும்பாலும் காட்டில் உருவாவதில்லை. சாதுவான எச்5 அல்லது எச்7 வைரஸ் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் கோழிகளுக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வரும்போதுதான் அது மாறுகிறது. சாதுவான வைரஸ் குடலிலும் மூச்சுக்குழாயிலும் மட்டும் பெருகும். மாறிய வைரஸ் மூளை உட்பட உடம்பின் எந்த உறுப்பிலும் பெருகும். அதனால்தான் இரண்டு நாளுக்குள் கூடு வெறுமையாகிறது. பிறகு அது மறுபடி காட்டுப் பறவைகளுக்குத் தொற்றி, அவற்றையும் கொன்று, அவற்றின் செட்டையில் ஏறி நாடு நாடாகப் போகிறது. 2005 இல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து மிதந்தபோது நடந்தது இதுதான்.

இன்று உலகம் அஞ்சும் எச்5என்1 இன் மூதாதை 1996 இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் பண்ணையில் வளர்த்த கூஸ் (goose) எனும் பெருவாத்து ஒன்றில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ஹொங்கொங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். எடுத்த மாதிரியில் இருந்தது கோழிகளுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை எண்ணப்பட்டிருந்த வைரஸ். ஆண்டு முடிவதற்குள் 18 பேருக்குத் தொற்றியது; அவர்களில் 6 பேர் இறந்தனர். ஹொங்கொங் அரசு சில நாட்களுக்குள் அந்நகரத்துக் கோழிகள் முழுவதையும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை, கொன்று முடித்தது. பிறகு விசாரித்தவர்கள் கண்ட ஒரு விடயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. நோய்ப்பட்டவர்களையும் நோய்ப்படாதவர்களையும் ஒப்பிட்டபோது, கோழிக்கறி சாப்பிட்டது வேறுபாடாகத் தெரியவில்லை. அதற்கு முந்திய கிழமையில் உயிர்க்கோழி விற்கும் சந்தைக்குப் போயிருந்ததுதான் வேறுபாடாகத் தெரிந்தது.

பின்னர் வியட்நாமில் ஆராய்ந்தபோது, நோயுற்ற அல்லது செத்த கோழியைச் சமையலுக்காகத் துப்புரவு செய்தவர்களுக்கு ஆபத்து மிகுதி என்று கண்டார்கள். 2006 இல் அசர்பைஜானில் ஒரு கிராமத்தில் இளம்பெண்கள் அடுத்தடுத்து நோய்ப்பட்டனர். செத்துக் கிடந்த காட்டு அன்னங்களின் இறகுகளைத் தலையணைக்காகப் பிடுங்கியவர்கள் அவர்கள். 2025 மார்ச்சில் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எச்5என்1 ஆல் இறந்தது. வீட்டில் கோழி வெட்டும்போது பச்சை இறைச்சித் துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாகப் பெற்றோர் கூறியதைப் பத்திரிகைகள் எழுதின. இவற்றையெல்லாம் வாசித்தபோது எங்கள் கிணற்றடிதான் என் கண்முன் வந்தது. கொதிநீரில் முக்கிய கோழியின் ஈர இறகை வெறுங்கையால் பிடுங்கி, குடலை எடுத்து, இரத்தத்தைக் கல்லில் வழிய விட்டு, அந்தக் கையாலேயே வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் அம்மாவும் மாமியும், குடலுக்காகக் காத்திருக்கும் பூனையும், வழிந்த நீரில் அலகு வைக்கும் காகமும் எல்லாம் இரண்டு பாக இடத்துக்குள்.

ஆனால் பறவைக் காய்ச்சல் என்று வானொலியில் ஒரு செய்தி வந்துவிட்டால் நாங்கள் செய்வது என்ன? கோழிக்கறியை நிறுத்துகிறோம். முட்டையைக் கண்டு முகம் சுளிக்கிறோம். நன்றாக வெந்த இறைச்சியில் இந்த வைரஸ் உயிர் பிழைக்காது. உள்ளே 70 பாகை வெப்பம் ஏறினால் முடிந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துக் கோழிக்கறி அடுப்பில் கொதிக்கும் நேரத்துக்கு அது எம்மாத்திரம்! கறியாக இலையில் வந்த கோழிக்குப் பயந்து, உயிரோடு சந்தையிலிருந்து காலைக் கட்டிச் சைக்கிள் ஹாண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்த கோழிக்குப் பயப்படாமல் இருப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அரை அவியல் முட்டை பிடித்தவர்கள் மட்டும், அப்படி ஒரு செய்தி வரும் காலத்தில், அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடம்புக்குள்ளேயே விடை இருக்கிறது. வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால் அதன் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்ள வேண்டும். பறவை வைரசுக்குப் பொருந்தும் வகை ஒன்று, மனித வைரசுக்குப் பொருந்தும் வகை வேறு. இரண்டுக்கும் வேறுபாடு அந்தச் சர்க்கரை எந்தக் கோணத்தில் இணைந்திருக்கிறது என்பதுதான். எங்கள் மூக்கிலும் தொண்டையிலும் மனித வகையே மிகுதி. பறவை வகை நுரையீரலின் ஆழத்திலும் கண்ணின் வெண்படலத்திலும் உண்டு. ஆகவே பறவை வைரஸ் தும்மல் வழியாக வீடு வீடாகப் பரவுவதில்லை. ஆனால் பெருமளவு வைரஸ் தூசியாகவோ துளியாகவோ உள்ளே போனால், அல்லது கோழியைத் தொட்ட கை கண்ணைக் கசக்கினால், அது தனக்கேற்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆழ்ந்த நுரையீரலில் பிடித்தால் நியூமோனியா. 2003 முதல் 2024 முடிவு வரை 24 நாடுகளில் 950 பேருக்கு மேல் எச்5என்1 தொற்றியது உறுதியாகி, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். வெறும் தடிமனோடு வீட்டிலேயே ஆறியவர்கள் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள் என்பதால் உண்மையான இறப்பு வீதம் குறைவாக இருக்கலாம். அந்த ஆறுதலை நான் அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

செத்த கோழியைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள் என்று எழுதும்போதே என் வாதத்தில் உள்ள ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். 2013 இல் சீனாவில் தோன்றிய எச்7என்9 கோழிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. கொழுத்து, கொக்கரித்து, முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளிடமிருந்து அது மனிதருக்குத் தொற்றி, சில ஆண்டுகளில் 1500 பேருக்கு மேல் பிடித்து, 600 பேருக்கு மேல் கொன்றது. செத்த கோழி என்ற அடையாளமே அங்கு கிடைக்கவில்லை. நகரங்களில் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியபோது அந்தந்த இடங்களில் தொற்று சட்டென்று இறங்கியது. 2017 இல் கோழிகளுக்கு நாடளாவிய தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு மனிதரிடையே அது அநேகமாகக் காணாமற் போனது. சந்தையைக் கழுவுவது, மாதத்தில் ஒரு நாள் முழுவதும் வெறுமையாக விடுவது, வாத்தையும் கோழியையும் ஒரே கூண்டில் அடைக்காதிருப்பது என்று ஹொங்கொங் 1997 க்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவை பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. எங்கள் சந்தைகளிலும் செய்யக்கூடியவைதான்.

பன்றியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வைரசின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. பறவை வைரசும் மனித வைரசும் ஒரே உயிரணுவுக்குள் சந்தித்தால், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதுபோல அந்தத் துண்டுகள் கலந்து புதிய வைரஸ் வெளிவரலாம். பன்றியின் மூச்சுக்குழாயில் இருவகைச் சர்க்கரையும் இருப்பதால் அது அப்படிச் சந்திப்பதற்கு வாய்ப்பான இடம். 1957 இலும் 1968 இலும் உலகைச் சுற்றிய தொற்றுகள் பறவைத் துண்டுகளைப் பெற்ற மனித வைரசுகளால் வந்தவை. 2009 இல் மெக்சிக்கோவிலிருந்து கிளம்பிய பன்றிக் காய்ச்சல் வைரஸ் பன்றிகளுக்குள் பல ஆண்டுகள் கலந்து கலந்து உருவானது. அந்தப் பெயரைக் கேட்டு இலங்கையிலும் பன்றி இறைச்சிக்குப் பயந்தவர்கள் உண்டு. பிறகு இந்நாட்டுப் பன்றிகளைச் சோதித்தபோது, மனிதரிடமிருந்துதான் பன்றிகளுக்கு அது திரும்பத் திரும்பத் தொற்றியிருந்தது என்று தெரியவந்தது. பன்றிகள் எங்களைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் நடந்தவை இந்தப் பழைய படத்தையும் மாற்றிவிட்டன. 2022 இன் பிற்பகுதியில் ஸ்பெயினில், மென்மயிர்த் தோலுக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்குகளின் பண்ணை ஒன்றுக்குள் எச்5என்1 பரவியது. 2023 இல் பெருவின் கரையில் கடற்சிங்கங்களும் ஆர்ஜென்டீனாவின் கரையில் யானைச் சீல் குட்டிகளும் ஆயிரக்கணக்கில் செத்தன. 2024 மார்ச்சில் டெக்சாசில் கறவை மாடுகளின் பாலில் அதைக் கண்டபோது துறைசார்ந்தவர்களே திகைத்தார்கள். மாட்டின் மடியில் பறவை வைரசுக்குப் பொருந்தும் சர்க்கரை நிறைய இருப்பதை அதன் பிறகுதான் கவனித்தார்கள். அந்தப் பண்ணைகளில் பச்சைப்பால் குடித்த பூனைகள் செத்தன. பால் கறந்தவர்களுக்குக் கண் சிவந்தது. அமெரிக்காவில் 70 பேரளவில் தொற்றி, பெரும்பாலும் கண்நோயோடு ஆறிவிட்டது. இறந்தவர் என்று 2025 ஜனவரியில் முதலில் அறிவிக்கப்பட்டவருக்கு மாட்டோடு தொடர்பே இல்லை. லூசியானாவில் 65 வயதைக் கடந்த அந்த மனிதர் வீட்டு வளவில் கோழி வளர்த்தவர்; காட்டுப் பறவைகளும் அங்கு வந்துபோயிருந்தன. அந்த வளவையும் எங்கள் வளவையும் பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

தூரத்து நாடுகளை விட்டுவிடலாம். கேரளத்துக் குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் 2014 முதல் திரும்பத் திரும்ப இந்த நோயால் மந்தை மந்தையாக இழந்திருக்கிறார்கள்; 2024 ஏப்ரலிலும் ஆலப்புழையில் வந்தது. 2020 முடிவில் இராஜஸ்தானில் முதலில் விழுந்தவை காகங்கள். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்தன. எங்கள் ஊரில் செத்த கோழியை உரப்பைக்குள் கட்டி ஒழுங்கை முடிவிலுள்ள வெறுங்காணிக்குள் எறிவார்கள். அதைக் கொத்திக் குடலை இழுக்கும் காகம், சனிக்கிழமை மத்தியானம் எங்கள் குசினி மதிலுக்கு வந்து, எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்த அம்மா "கா, கா" என்று கூப்பிட்டு வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டு, அப்படியே இறங்கிக் கோழியின் தீன் சட்டியிலும் வாய் வைக்கும். சனீசுவரனுடைய வாகனத்தை வராதே என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. காணிக்குள் எறியாமல் ஆழமாகக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதற்குத் துணிவு தேவையில்லை, மண்வெட்டி போதும்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வாய்திறவாமை. கோழி செத்தால் எங்களில் யார் மிருக வைத்தியருக்கு அறிவிக்கிறோம்? ஆடும் மாடும் என்றால் ஓடுவோம். நாலு கோழிக்காக அவரைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள் என்ற கூச்சம். பத்துக் கோழியையும் பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்ற பயமும் சிலருக்கு உண்டு. அந்தப் பயத்தை அறிவுரையால் போக்க இயலாது, இழப்பீடு கையில் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் போக்கும். மனிதருக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று தெளிவாவதற்கு இடையில் எத்தனை வதந்தி ஓடியது என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்றேன், வயலில் வேலை செய்தேன் என்ற ஒரு வார்த்தை வைத்தியருக்கு வழி காட்டிவிடும். அதுபோலவே, கோழி செத்துப் பத்து நாளுக்குள் காய்ச்சலோ மூச்சு முட்டலோ கண் சிவப்போ வந்தால், "வீட்டில் கோழிகள் செத்தன, நான் தொட்டேன்" என்பதை நாங்களாகவே சொல்ல வேண்டும். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் வைத்தியர் அதைத் தானாகக் கேட்பார் என்று காத்திருப்பது நியாயமில்லை. இன்புளுவன்சா வைரசுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு; முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். கையில் இரண்டு கடைப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கொரோனாக் காலத்தில் மிஞ்சிய முகக்கவசத்தைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு, தென்னைக்கு அப்பால் முழங்காலுக்கு மேல் ஆழத்தில் கிடங்கு வெட்டினேன். மூன்றாவது பேடு பின்னேரம் செத்தது. கூட்டைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, வெளிற்றும் திரவம் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வைத்தோம். புதுக் குஞ்சு வாங்க அம்மா மூன்றாம் நாளே அவசரப்பட்டார். பங்குனி பிறக்கும் வரை நான் விடவில்லை. குஞ்சுகள் வந்த கிழமை, இராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒவ்வொரு துளியாக விட வைத்தியர் வந்தார். அவருடைய சத்தம் கேட்டதும் பக்கத்து வளவு மாமி தன்னுடைய ஏழையும் ஒரு கடகத்துக்குள் அமுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார்.

இந்த மருந்து பறவைக் காய்ச்சலைத் தடுக்காது என்று வைத்தியர் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். ஆனால் இராணிக்கெட்டுக்கு மருந்து விட்ட கோழிகள் கூட்டமாகச் செத்தால், அது இராணிக்கெட்டாக்கும் என்று சும்மா இருந்துவிடாமல் உடனே கூப்பிடும்படி சொல்லி, தன் தொலைபேசி இலக்கத்தைக் கலண்டரின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போனார். மதிலில் காகத்துக்குச் சோறு வைப்பதை அம்மா நிறுத்தவில்லை. தீன் சட்டியை மட்டும் கூட்டுக்குள் தள்ளி, முன்னால் கம்பிவலை அடித்திருக்கிறார்.